வறண்டுபோன தனிஜெபத்தை மீண்டும் தொடங்குவது எப்படி?

வள்ளியூர் வாசகி எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் தனிஜெபத்தைக் குறித்து அனுபவமுள்ளவர்களிடம் ஆலோசனை கேட்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணிக்கொண்டிருந்தேன். நான் விசுவாசத்தை விட்டு விலகிவிடவில்லை. ஞாயிறு ஆராதனைக்கும் திருவிருந்துக்கும் தவறாமல் போகிறேன். இரவில் வீட்டில் குடும்ப ஜெபமும் நடக்கிறது. ஆனால் கதவை அடைத்துக்கொண்டு தனியாக முழங்காலிடும்போது, வாயில் வருவதெல்லாம் ஆண்டுக்கணக்காகச் சொல்லிப் பழகிய அதே வாக்கியங்களாகவே இருக்கின்றன. "இந்த நாளைக் காணச் செய்த கிருபைக்காக ஸ்தோத்திரம்" என்று தொடங்கி, கணவர், பிள்ளைகள், மாமியாரின் சர்க்கரை நோய், அலுவலகம் என்று வரிசையாகச் சொல்லி, ஆமென் என்று முடித்த பிறகு, இடையில் என்ன கேட்டேன் என்பதே நினைவில் நிற்பதில்லை.

இதற்குப் பெரிய துக்கமோ, மறைத்துவைத்த பாவமோ காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. என்னை நானே ஆராய்ந்து பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன். கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் போய்வரும் வாரத்தில் உள்ளம் அனல்கொள்கிறது. அடுத்த வாரமே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. "இன்னும் விசுவாசத்தோடு ஜெபியுங்கள்" என்று பலர் சொல்லிவிட்டார்கள். அந்த விசுவாசத்தைக் கேட்பதற்கான ஜெபமே வறண்டுகிடக்கிறது என்பதுதான் என் துன்பம். காலை ரயிலில் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போகிறவள் நான். அதையும் மனத்தில் கொண்டு, நடைமுறையில் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

பாளை ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். சொந்தச் சொற்கள் தேய்ந்துபோன காலத்தில், இரவல் சொற்களை எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்பதே என் முதல் ஆலோசனை. அந்தச் சொற்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சங்கீதங்கள் அதற்காகவே நம் கையில் தரப்பட்டிருக்கின்றன.

ஆங்கிலிக்கன் மரபின் பழைய ஜெபப் புத்தகத்தில் 150 சங்கீதங்களும் முப்பது நாளைக்கு, காலைக்கு ஒரு பகுதி, மாலைக்கு ஒரு பகுதி என்று பங்கிடப்பட்டிருக்கின்றன. மாதந்தோறும் 17-ஆம் தேதி காலையில் 86, 87, 88 ஆகிய சங்கீதங்கள் வரும். 88-ஆம் சங்கீதத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவற்றில் எங்காவது ஓரிடத்தில் ஒரு திருப்பம் வந்து ஸ்தோத்திரத்தில் முடியும், இதிலோ கடைசி வசனம் வரை இருள்தான். அந்தச் சங்கீதத்தையும் விலக்காமல், அன்றைக்கு மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று பார்க்காமல், மாதம் ஒரு முறை எல்லாரும் வாசிக்கும்படி சபை வைத்தது. வறட்சியோடு தேவனுக்கு முன்னால் நிற்பது விசுவாசமில்லாதவர்களின் நிலை என்று சபை கருதியிருந்தால் அப்படிச் செய்திருக்காது. "எதுவரைக்கும்" என்ற கேள்வியோடு தொடங்கும் 13-ஆம் சங்கீதமும் அப்படித்தான். தாவீதின் பெயரால் வழங்கும் சங்கீதத்திலேயே அந்த முறையீடு இருக்கும்போது, அதை நம் வாயால் சொல்ல நாம் ஏன் தயங்க வேண்டும்?

நடைமுறைக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம் போதும். மனத்துக்குள் வாசிக்காமல், மெல்லிய குரலிலாவது வாய்விட்டு வாசியுங்கள், ஏனென்றால் கண் ஓடிவிடும், நாக்கு அவ்வளவு வேகமாக ஓடாது. எந்த வசனத்தில் மனம் தங்குகிறதோ அங்கே நிறுத்தி, அந்த வசனத்துக்குப் பதிலாக உங்கள் சொந்தச் சொல்லில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். "எனக்கு இன்று ஒன்றும் தோன்றவில்லை, கர்த்தாவே" என்பதும் அந்த வாக்கியமாக இருக்கலாம். கணவர், பிள்ளைகள், அலுவலகம் என்ற வரிசையைச் சில நாட்களுக்கு அதற்குப் பின்னால் தள்ளிவையுங்கள்.

திசையன்விளை தம்பி எழுதியது:

ஐயா, மரியாதையோடு ஒரு மறுப்பைச் சொல்ல விரும்புகிறேன். அக்காவின் துன்பமே மனப்பாடமான வாக்கியங்கள்தான். அப்படியிருக்க, அச்சிட்ட வாக்கியங்களை இன்னும் கொஞ்சம் கொடுப்பது எப்படி மருந்தாகும்? வேதத்தில் வரும் சாமுவேலின் தாய் அன்னாள் சீலோவில் ஜெபம்பண்ணியபோது எந்தப் புத்தகத்தையும் கையில் வைத்திருக்கவில்லை. அவளுடைய உதடுகள் மட்டும் அசைந்தன. ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்து வெறித்திருக்கிறவள் என்றே நினைத்துவிட்டான். தன் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டதாகவே அவள் அவனுக்குப் பதில் சொன்னாள். லூக்கா 18-இல் ஆயக்காரன் சொன்னதும் ஒரே ஒரு வாக்கியம், அது அவனுடைய சொந்த வாக்கியம்.

எங்கள் வாலிபர் குழுவில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் வைக்கிறோம். பல வாரங்களாக வாயே திறக்காத ஒரு நண்பன், ஒரு நாள் தன் வேலைக்கான கடிதம் வராததைப் பற்றி, கோபத்தோடு என்றே சொல்லலாம், தேவனிடம் நேரடியாகப் பேசிவிட்டான். பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் ஜெபிக்கிறான். உள்ளத்தில் இருப்பதை அழகுபடுத்தாமல் சொல்லிவிடுவதே வழி என்று நான் நம்புகிறேன். எசேக்கியா தனக்கு வந்த மிரட்டல் கடிதத்தைக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்துவைத்தது போல (2 இராஜாக்கள் 19), அக்காவும் தன் கவலையை அப்படியே விரித்துவைக்கலாமே?

பாளை ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

தம்பி, உங்கள் நண்பனுக்குச் சொல்ல ஒரு கோபம் இருந்தது. அன்னாளுக்குப் பிள்ளையில்லாத வேதனை இருந்தது. தங்கச்சியோ, ஊற்றுவதற்கு உள்ளத்தில் ஒன்றும் இல்லையே என்றுதான் எழுதியிருக்கிறார். இந்த வேறுபாட்டை நாம் விட்டுவிடக் கூடாது. ஆனாலும் உங்கள் மறுப்பில் உள்ள நியாயத்தை ஏற்கிறேன், அதற்குத் துணையாக ஒரு பழைய சாட்சியையும் சொல்கிறேன்.

1535-இல் சபைச் சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தர், தமக்கு முடிதிருத்தும் பேதுரு என்பவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்காக, ஒரு நீண்ட கடிதம் எழுதினார். வேலைகளாலும் பிற எண்ணங்களாலும் தம் உள்ளம் ஜெபத்தில் குளிர்ந்துபோனதாக உணரும்போது, சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ கோவிலுக்கோ போய், பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் சில வசனங்களையும், சிறுபிள்ளைகள் சொல்வதைப் போல, தமக்குத் தாமே வாய்விட்டுச் சொல்வதாக அதில் எழுதுகிறார். லூத்தருக்கே அந்தக் குளிர்ச்சி வந்தது என்பதைத் தங்கச்சி கவனிக்க வேண்டும். அதன் பிறகு, பரமண்டல ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பமாக எடுத்து, அதன் மேல் நின்று, தம் சொந்தச் சொற்களில் விரித்து ஜெபிக்கும் முறையைக் காட்டுகிறார். உங்களுக்கு வேண்டியது இனி வருகிறது, தம்பி. அப்படி ஜெபித்துக்கொண்டிருக்கும்போது உள்ளத்தில் வளமான எண்ணங்கள் எழுந்தால், மற்ற விண்ணப்பங்களை அப்படியே விட்டுவிட்டு, அமைதியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அப்போது பிரசங்கம் செய்கிறவர் பரிசுத்த ஆவியானவர் என்கிறார். ஆக, எழுதப்பட்ட சொற்கள் வாசல் வரைக்கும் கொண்டுபோய்விட வேண்டியவை. உள்ளே நுழைந்த பிறகும் அவற்றையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மெஞ்ஞானபுரம் செவிலியர் எழுதியது:

தங்கச்சி, எந்த நேரத்தில் ஜெபிக்கிறீர்கள் என்பதை ஒருவரும் கேட்கவில்லை. சமையல், ரயில், அலுவலகம், மறுபடியும் சமையல், பிள்ளைகளின் பாடம் எல்லாம் முடிந்து, இரவு பத்து மணிக்கு மேல் முழங்காலிடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். அந்த நேரத்தில் மூளை களைத்துப்போய், பழகிய தடத்தில் தானாக ஓடும்; வாக்கியங்கள் நினைவில் நிற்காமல் போவதற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். இரவுப் பணி பார்க்கிறவள் என்ற முறையில் இதை நான் நன்றாக அறிவேன்.

1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது, தேவன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அவன் தூங்கினான், தூதன் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், அவன் சாப்பிட்டு மறுபடியும் தூங்கினான், இரண்டாம் முறையும் சாப்பிட்ட பிறகுதான் ஓரேபுக்கு நடந்துபோகப் பலம் வந்தது. அந்த மெல்லிய சத்தத்தை அவன் கேட்டது அதற்கெல்லாம் பிறகுதான். ஜெபம் வறண்டுவிட்டது என்று சொல்கிறவர்களிடம், நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று முதலில் கேட்பதை நான் அவிசுவாசமாக நினைக்கவில்லை.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்கிறேன். ஜெபத்தில் மட்டும் அல்லாமல், பிள்ளைகளின் சிரிப்பிலும், சாப்பாட்டிலும், பாட்டிலும்கூட மகிழ்ச்சி இல்லாமல், தூக்கமும் கெட்டு, அது வாரக்கணக்கில் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் சபைகளில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நோயாளியை இன்னும் அதிகமாக உபவாசம் இருக்கச் சொல்லும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. உங்கள் எழுத்தில் அந்த அறிகுறிகள் தெரியவில்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படும்.

உங்களுக்கு அப்படி இல்லையென்றால், இரவு ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டு, நல்ல விழிப்புள்ள நேரத்துக்குச் சங்கீதத்தை மாற்றுங்கள். வள்ளியூரில் ரயில் ஏறியதும் கைப்பேசியைத் திறக்கும் முன் அதை வாசிக்கலாம்.

வடக்கன்குளம் கத்தோலிக்கர் எழுதியது:

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவன். இடையில் பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இந்த வறட்சியைக் குறித்துத் தெளிவான விதிகளைத் தந்திருக்கிறார். ஆறுதலான நாட்களில் எடுத்த தீர்மானத்தை, ஆறுதலற்ற நாட்களில் மாற்றக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. கால் மணி நேரம் செபிப்பது என்று முடிவு செய்திருந்தால், மனம் வறண்ட நாளில் அதைக் குறைக்காமல், சிறிது கூட்டியே செபிக்கும்படி அவர் சொல்கிறார். செவிலியர் அம்மா சொன்ன உடல் களைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் களைப்பு வேறு, வறண்ட நாளில் எழுந்து ஓடிவிடத் தோன்றுவது வேறு.

மனப்பாடச் செபங்களைத் தாழ்வாக நினைக்காதீர்கள் என்றும் தம்பியைக் கேட்டுக்கொள்கிறேன். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் மற்றச் செபங்களையும் இரு மொழியும் தெரிந்தவர்களின் துணையோடு தமிழாக்கம் செய்து, தாமே மனப்பாடம் செய்து, தெருக்களில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கடற்கரையில் விசுவாசம் மனப்பாடத்தின் வழியாகத்தான் வேரூன்றியது.

அதோடு, இரவில் உங்கள் பழைய வரிசையைச் சொல்வதற்குப் பதிலாக, அன்றைய நாளைக் காலையிலிருந்து மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். யார் பேசினார்கள், எங்கே மனம் நிறைந்தது, எங்கே கடுஞ்சொல் வந்தது என்று பார்த்து, ஒன்றுக்கு நன்றியும் ஒன்றுக்கு மன்னிப்பும் கேட்டு முடியுங்கள். ஒவ்வொரு நாளும் வேறு நாள் என்பதால், அந்தச் செபம் ஒரே வாக்கியமாக இறுகிப்போக வாய்ப்பில்லை.

சாத்தான்குளம் பக்கத்து உபதேசியார் மகன் எழுதியது:

அண்ணாச்சிமார் சொன்னவை அனைத்தும் நல்லவை. எனக்குத் தோன்றுவது, தங்கச்சியின் ஜெபம் தம் வீட்டு வாசலைத் தாண்டிப் போகவில்லை என்பதே. நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை; குடும்பப் பொறுப்பு அப்படி இழுத்துக்கொள்ளும். ஆனால் நம் சீமையில் ஜெபம் செழித்திருந்த காலங்களைப் பார்த்தால், அவை மற்றவர்களுக்காக ஜெபித்த காலங்களாக இருக்கின்றன. 1903-இல் இந்திய மிஷனெரிச் சங்கம் நெல்லைச் சபைகளில் தொடங்கப்பட்டபோது, நம் பாட்டன் பாட்டிமார் ஒருபோதும் பார்த்திராத தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பகுதிக்காக ஜெபிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதன் நிறுவனர்களுள் ஒருவரும், 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றவருமான அசரியா, இங்கே பக்கத்திலுள்ள வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அடுப்பங்கரையில் அரிசி களையும்போதே ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைத்து, ஊழியத்துக்காக ஒரு வார்த்தை ஜெபிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் அம்மா காலம் வரைக்கும் இருந்தது. அம்மாவுக்கு ஜெபம் என்பது அந்தக் கைப்பிடி அரிசியோடு சேர்ந்ததாகவே இருந்தது. கை செய்யும் வேலை ஒன்றோடு ஜெபத்தைக் கட்டிவைத்தால், அது மனநிலையை நம்பியிருப்பதில்லை.

ஆகவே ஒரே ஒரு ஆளையோ ஊழியத்தையோ தேர்ந்துகொண்டு, அவர்களைப் பற்றிய செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஜெபியுங்கள். பெயரை மட்டும் சொன்னால் அது சீக்கிரம் பட்டியலாகிவிடும். இன்ன தேதியில் அவருக்கு அறுவைச் சிகிச்சை, இன்ன வீட்டில் சண்டை என்று தெரிந்து கேட்டால், மறுநாள் அதைப் பற்றி விசாரிக்கவும் தோன்றும்.

இன்னும் ஒன்று. பல ஊர்களில் இன்றைக்கும் கோவில் மணியடித்து மாலை ஜெபம் நடக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் வயதான அம்மாமார்தான். உங்களுக்கு ஜெபிக்க வராத நாளில், அவர்கள் நடுவில் போய் உட்காருங்கள். கோடையில் குளம் வற்றிக்கிடக்கும்போதுதான் ஊர் கூடித் தூர் வாரும். ஆத்துமாவின் வறட்சிக்கும் அப்படிப் பலர் கை சேர வேண்டியிருக்கிறது.

வள்ளியூர் வாசகி எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. செவிலியர் அக்கா ஊகித்தது சரிதான். பத்தரை மணிக்கு முன்னால் எனக்கு முழங்காலிட நேரம் கிடைப்பதில்லை. மற்ற அறிகுறிகள் எனக்கு இல்லை; பிள்ளைகளோடு சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் நிற்கிறது. சங்கீதத்தில் "என் ஆத்துமா கர்த்தருக்குள் களிகூரும்" என்று வரும்போது, களிப்பே இல்லாத நான் அதை வாய்விட்டுச் சொன்னால், அது மாயக்காரரின் ஜெபம் ஆகிவிடாதா? தம்பி சொன்ன மறுப்பில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான்.

களக்காடு வாசகர் எழுதியது:

சகோதரி, ஆண்டவர் மத்தேயு 6-இல் மாயக்காரர் என்று கண்டித்தது, மனுஷர் காணும்படியாக வீதிச் சந்திகளில் நின்று ஜெபித்தவர்களை. கதவை அடைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத இடத்தில், உணர்வில்லாவிட்டாலும் வந்து நிற்கிறவரை அந்தப் பெயரால் அழைக்க அந்த அதிகாரத்தில் இடமே இல்லை.

களிப்பின் சங்கீதத்தை இன்று உங்களுக்காகச் சொல்ல முடியாவிட்டால், இன்று களிகூருகிற ஒருவருக்காகச் சொல்லுங்கள். புலம்பல் சங்கீதம் வரும் நாளில், இன்று அழுகிறவருக்காகச் சொல்லுங்கள். சந்தோஷப்படுகிறவர்களோடு சந்தோஷப்படவும் அழுகிறவர்களோடு அழவும் ரோமர் 12-இல் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறதே. உங்கள் ஊருக்கு அருகிலேயே உள்ள டோனாவூரில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து காயமடைந்து, 1951-இல் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகளைப் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். வலியும் தூக்கமின்மையும் நிறைந்த அந்த ஆண்டுகளில் அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி, வேறு நோயாளிகளுக்கும் சோர்ந்தவர்களுக்கும் உதவுவதற்காக எழுதப்பட்டது. எல்லா நாளும் அவருக்கு உள்ளம் பொங்கியிருக்கும் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

திசையன்விளை தம்பி எழுதியது:

அக்கா, என் சொல் உங்களை உறுத்தியது எனக்கு வருத்தம். ஆசிரியர் ஐயா சொன்ன அந்தக் கடிதத்தின் செய்தி எனக்குப் புதியது. எழுதப்பட்ட ஜெபத்தை விட்டுவிடும் இடத்தையும் அதே ஆள் காட்டியிருக்கிறார் என்பது என் மறுப்புக்குப் போதுமான பதில். ரோமர் 8:26-ஐ மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றபடி வேண்டிக்கொள்ள நமக்குத் தெரியாதபோது, ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்றால், அக்காவுக்குச் சொல் வராத அந்த நிமிஷங்களிலும் ஒருவர் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வள்ளியூர் வாசகி எழுதியது:

அந்த வசனத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், தம்பி. என் நிலைமைக்கு அதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றியதில்லை. நன்றி.

ரயிலில் ஒரு சங்கீதம், இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தல், இவை இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜெபிப்பதற்காக ஒரு குடும்பத்தையும் மனத்தில் தெரிந்துகொண்டேன். ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. ரயில் பெட்டியில் கூட்டமாக இருக்கும். வாய்விட்டு வாசிக்க முடியாது. என்ன செய்யலாம்?

மெஞ்ஞானபுரம் செவிலியர் எழுதியது:

ரயிலில் உதடு மட்டும் அசையட்டும். அன்னாளுக்கும் அப்படித்தான் இருந்தது என்று தம்பி எழுதியிருக்கிறாரே. சத்தமாக வாசிக்க வேண்டும் என்றால் உங்கள் மாமியார் இருக்கிறார்கள். சர்க்கரை நோயுள்ளவர்களுக்குப் பலநேரம் கண்பார்வை மங்கி, வேதப் புத்தகத்தின் சிறிய எழுத்து தெரியாமல் போய்விடும். கேட்டுப் பாருங்கள், அவர்களாக வாசித்து எத்தனை நாளாயிற்று என்று. அன்றைய சங்கீதத்தையே மாலையில் அடுப்பில் சோறு வேகும் நேரத்தில் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் பெயரை வரிசையில் சொல்லிக்கொண்டிருந்ததற்குப் பதிலாக, அவர்களோடு சேர்ந்தே ஜெபிக்கலாம். கண் பரிசோதனைக்கும் ஒரு நாள் அழைத்துக்கொண்டு போங்கள், தங்கச்சி. சர்க்கரை நோய்க்கு வருடம் ஒரு முறையாவது விழித்திரையைப் பார்க்க வேண்டும்.